கரடித் தடம் பார்த்த எங்கள் மாப்பிள்ளை

"கண்ணு கரடி புடுங்கினது இல்லம்மா. கண்ணு மனுசன் அடிச்சது. கன்னத்துல கோடு கோடா கீது பாரு, அது மட்டுந்தான் கரடி."

நர்சம்மா கேட்டது அதையல்ல. எடை எழுதும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "கொழந்தையோட அப்பா பேரு இன்னாங்க?" என்றுதான் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டதும் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"பேருதான் கேட்டேன் தாத்தா."

"ஆனந்தன். ஃபாரஸ்ட் கார்டு" என்றேன்.

தாத்தா என்று அவர் கூப்பிட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாமா, பெரியப்பா, சின்னராசண்ணன் என்று எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். தாத்தா என்று கூப்பிட உரிமையுள்ளவள் நேற்று முன்தினம்தான் வந்தாள். என் உள்ளங்கையில் அவள் தலை அடங்குகிறது. கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விடுகிறாள். அதைப் பார்க்க வார்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள்.

அவளுடைய அப்பனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஆனந்தன் எங்கள் ஜவ்வாது மலையிலேயே பிறந்தவர். காட்டோரத்தில் யார் எதைக் கட்டுவதென்றாலும், கடையோ பெட்ரோல் பங்கோ லாட்ஜோ, முதலில் அந்த இடத்தை நடந்து பார்ப்பவர் அவர்தான். காட்டு விலங்குகளுக்காகப் போட்ட விதியோடு பிளான் ஒத்துப்போகிறதா என்று பார்த்து மேலே சொல்ல வேண்டும். அதன் பிறகு அனுமதி கொடுக்கிற கமிட்டி வரும். விதி எல்லாம் பெரிய புத்தகமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் எனக்குச் சொன்னது சின்னதுதான்.

"அதுங்க தண்ணிக்குப் போற வழிய மறிக்காத. இருட்டுன அப்பால வெளிச்சம் அடிக்காத. குப்பைய காட்டுல கொட்டாத. அவ்ளோதான் மாமா. மீதி எல்லாம் இத்தயே சுத்திச் சுத்தி எழுதி வச்சிகீறாங்க."

எங்கள் மகள் புவனாவைப் பெண் கேட்க வந்த அன்றே அவர் குணம் தெரிந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டு வெளியே போனவர், என் ஆட்டுப்பட்டியைச் சுற்றி வந்து, "இது காட்டு எல்லைக்குள்ள வந்துகீது மாமா, நகத்திக்கோங்க" என்றார். என் வீட்டுக்காரி பாஞ்சாலை என்னை உள்ளே கூப்பிட்டு, "இவரு பொண்ணு பாக்க வந்தவரா, பட்டிய பிரிக்க வந்தவரா?" என்றாள். பட்டியை நகர்த்திய பிறகுதான் கல்யாணத்துக்கு நாள் பார்த்தோம். அவ்வளவு கறாரான மனிதர், சுவரில் பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறிக்கொள்வார். புவனா துடைப்பத்தோடு போய் அதை விரட்டிவிட்டு வரும்வரை இறங்க மாட்டார்.

எங்கள் ஊருக்கு மேலே, பாறைச் சரிவுக்குக் கீழே, பலா மரங்களுக்கு நடுவில் ஒரு ஊற்று இருக்கிறது. கோடையிலும் வற்றாது. சரிவில் இருக்கும் கரடிகளுக்கு அதுதான் தண்ணீர். அந்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். காவலூர் வானாய்வு நிலையத்துக்கு வந்து வானம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தங்குவதற்குக் கண்ணாடி வீடுகள், ஊற்றை மடக்கிக் குளிக்கிற தொட்டி, எல்லாவற்றையும் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர். பிளான் அப்படி இருந்தது. வேலையைப் பார்த்துக்கொள்ள அருண்ராஜ் என்பவரை வைத்திருந்தார். கீழே கலசப்பாக்கம் பக்கத்துக்காரர். சிரித்துக்கொண்டே பேசுவார்.

வீடு கட்டுவதை ஆனந்தன் தடுக்கவில்லை. "வூடு கட்டிக்கட்டும். சுவரு மட்டும் ஊத்துப் பக்கம் கூடாது" என்று மேலே சொன்னார். கரடி தினமும் வருவதற்குத் தடமும் சாணமும் சாட்சி, நேரில் வந்து பாருங்கள் என்று கமிட்டியைக் கூப்பிட்டார். அவர்களை அழைத்துவர அதிகாலையிலேயே மலையை விட்டு இறங்கிப் போனார்.

அவர் இறங்கின பிறகு நடந்ததுதான் வினை. எங்கள் ஊருக்கு ஆபீசர்கள் வருகிறார்கள் என்றால், சாமி ஊர்வலம் வருகிற மாதிரிதான் நாங்கள் வழியைப் பார்ப்போம். கரண்டு கொடுக்க வந்தபோதும் ரோடு போட வந்தபோதும் அப்படித்தான் செய்தோம். மாப்பிள்ளை கூட்டிவருகிற ஆபீசர்கள் என்பதால் பாஞ்சாலை முன்னால் நின்றாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து ரோட்டிலிருந்து ஊற்று வரைக்கும் பெருக்கினார்கள். கரடிச் சாணத்தை முறத்தில் அள்ளிப் பள்ளத்தில் கொட்டினார்கள். சாணி தெளித்தார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் பெரிதாகக் கோலம் போட்டார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஆனந்தன் அந்த வழியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் தெளித்த தரை மாதிரி வெறுமையாக இருந்தது.

"தடம் எங்கங்க?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

ஆனந்தன் செல்போனில் எடுத்து வைத்த படங்களைக் காட்டினார். அருண்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "பாதம் தெரியுது சார். ஊத்து தெரிலியே. இது எந்த மலையோ" என்று சிரித்தார்.

கமிட்டி ஊர்க்காரர்களைக் கேட்டது. என் சிநேகிதன் தசரதன் முன்னால் வந்து, வந்தவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று, "கரடி வரும் போகும்ங்க. யாரையும் ஒண்ணியும் பண்ணாதுங்க. நீங்க மோர் குடிங்க" என்றான்.

தடமும் இல்லை, ஆபத்தும் இல்லை என்று சுவருக்கு அனுமதி வந்துவிட்டது.

பாஞ்சாலை அதன் பிறகு ஒரு வாரம் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர்தான் வீட்டுக்கு வந்து, "அத்த, கோலம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சோறு கேட்டார்.

சுவர் எழும்பி முடிந்தபோது கோடை. புவனா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு ஒரு பெண் கரடி ஊற்றைத் தேடி வந்து, சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் ஓடை வழியாக ஊருக்குள் இறங்கிவிட்டது. அது கண்டுபிடித்த தண்ணீர், என் வீட்டுக்குப் பின்னால் மாடு குடிக்கிற தொட்டி. புவனா பாத்திரம் கழுவுவதும் அங்கேதான்.

ஈரத் தடத்தைப் பார்த்துவிட்டு ஆனந்தன் குந்தி உட்கார்ந்தார். அதன்மேல் கையை விரித்து வைத்துப் பார்த்தார். அவருடைய கையைவிட அது பெரிதாக இருந்தது.

"மாமா, புவனா இனிமே பின்பக்கம் வரக் கூடாது. சுவத்த எடுக்கற வரிக்கும் நம்ம வூட்டு வழிதான் அதுக்கு வழி."

"அதுக்குள்ள புள்ள பொறந்துட்டா?"

"அதுக்குள்ள எடுக்க வைக்கணும்" என்றார்.

தசரதனைத்தான் அது முதலில் எடுத்தது. விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். சாமைக் கொல்லைக்குப் போனவன் ஓடைத் திருப்பத்தில் குட்டிகளுக்கும் தாய்க்கும் நடுவில் போய்விட்டான். சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். மனிதன் சத்தமா கரடி சத்தமா என்று பிரிக்க முடியவில்லை. அது அவன் மேல் கிடந்தது. முகத்தைத்தான் கடித்தது. அவன் கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தான். கையைக் கடித்து ஒதுக்கிவிட்டு மறுபடியும் முகத்துக்குப் போனது. எலும்பு நொறுங்குவது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் கல் எறிந்தோம். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனந்தன் தடியோடு நேராகப் போனார். கத்திக்கொண்டே போய் அதன் முதுகில் ஓங்கி அடித்தார். கரடி எழுந்து இரண்டு காலில் நின்றது. நெஞ்சில் இருந்த வெள்ளைப் பட்டையில் தசரதனின் ரத்தம். ஒரே வீச்சு. ஆனந்தனின் கன்னம் தாடை வரைக்கும் கிழிந்து தொங்கியது. உள்ளே பல் தெரிந்தது. அவர் விழுந்தும் தடியை விடவில்லை. படுத்துக்கொண்டே வீசினார். குட்டிகள் புதருக்குள் ஓடிக் கத்தின. அதைக் கேட்டுத்தான் தாய் போனது.

தசரதனைத் தூக்கும்போது அவனுக்கு முகம் என்று ஒன்று இல்லை. மூச்சு மட்டும் குமிழி குமிழியாக வந்தது. ஜீப் மலை வளைவுகளைத் தாண்டுவதற்குள் அதுவும் நின்றுவிட்டது. பக்கத்தில் துண்டால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆனந்தன்தான் அவன் கண் இமையை மூடினார். மூட ஒரு இமைதான் மிச்சம் இருந்தது.

தசரதனின் மகன் மோகன், அடக்கம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். தையல் போட்டுப் பேச முடியாமல் கிடந்தவர் எதிரில் நின்று சொன்னான்.

"உன் கரடிக்கு எங்க நைனாவ குடுத்தாச்சு. இன்னும் யாரு வேணும்? உன் பொண்டாட்டிய உடுறியா?"

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். ஆனந்தன் படுத்தபடியே என் கையைத் தட்டிவிட்டார்.

மோகன் ஊருக்குப் போய் வெடி வாங்கினான். பலாச்சுளைக்குள் வெடியை மறைத்து ஓடை வழியில் போட்டான். கடித்தால் வெடிக்கும். கரடி அன்றைக்கு வரவில்லை. என் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதைக் கடித்தது. வெடிச் சத்தம் கேட்டு நாங்கள் போனபோது அது நின்றுகொண்டிருந்தது. கீழ்த் தாடை இல்லை. நாக்கு மட்டும் நீளமாகத் தொங்கி ரத்தம் ஒழுகியது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கத்த முயன்றது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போடும்வரை அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மோகனைத் தேடிப் போய் மாட்டுக் கோலால் அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. கோல் முறிந்தது. முறிந்த துண்டால் அடித்தேன். அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது. தையல் பிரித்து அன்றுதான் வந்திருந்த ஆனந்தன் நடுவில் புகுந்து கோலை வாங்கிக்கொண்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"டேய் மோகனு, இத்த கொன்னா நாளிக்கி வேற ஒண்ணு வரும். தண்ணி சுவத்துக்கு உள்ள கீதுடா. கரடிக்கு தாகம்டா, அவ்ளோதான்."

"அப்ப எங்க நைனா?"

ஆனந்தன் மோகன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, தன் துண்டால் அவன் காதைத் துடைத்துவிட்டார்.

அவர் மறுபடியும் மேலே எழுதினார். இந்த முறை ரேஞ்சர் ரேணுகாதேவி அம்மாவே இறங்கிவந்து தொட்டியைப் பார்த்தார். மறுபரிசீலனைக்குக் கமிட்டியைக் கூட்டிவருவதாகச் சொன்னார். அதுவரைக்கும் ஓடையிலிருந்து எங்கள் வீடு வரை ஒரு துரும்பைக்கூட யாரும் பெருக்கக் கூடாது என்று ஆனந்தன் ஊருக்குச் சொன்னார்.

பெண்களுக்கு அதைப் போலக் கஷ்டம் வேறில்லை. "வாசல்ல சாணி தெளிக்காம எப்படி மாப்ள? நாங்க இன்னா மாடா, கீழ போட்டதுலயே படுக்க?" என்று பாஞ்சாலை சண்டைக்குப் போனாள். இருந்தாலும் அவள்தான் யோசனை சொன்னாள். காற்று, ஆடு, கோழி எதுவும் தடத்தை அழிக்காமலிருக்க, ஒவ்வொரு பாதத்தின் மேலும் கூடையைக் கவிழ்த்து வைக்கலாம் என்றாள். எல்லோர் வீட்டிலிருந்தும் கூடையும் முறமும் வந்தன. சுவரின் மூலையிலிருந்து எங்கள் தொட்டி வரைக்கும் கூடை கூடையாக, சந்தை போட்ட மாதிரி இருந்தது. புவனா நிறை வயிற்றோடு சன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள்.

கமிட்டி வருகிற அன்று காலையில் அருண்ராஜ் டிராக்டரோடு வந்தார். பின்னால் ஒரு முள் மரத்தையே வெட்டிக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூட ஐந்தாறு ஆட்கள்.

"இன்னா இது?" என்றார் ஆனந்தன்.

"வழிய சுத்தம் பண்றோம் சார். ஆபீசருங்க வர்றாங்க இல்ல? உங்க ஊரு பழக்கந்தான இது" என்றார் அருண்ராஜ் சிரித்துக்கொண்டே.

ஆனந்தன் முதல் கூடைக்கு முன்னால் போய் நின்றார். டிராக்டர் நிற்கவில்லை. அவர் கடைசி நொடியில் ஒதுங்கினார். சக்கரம் கூடைகளை நசுக்கிக்கொண்டு போனது. மூங்கில் உடைகிற சத்தம் கேட்டதும் ஊரே இறங்கிவிட்டது. மோகன் ஓடிப்போய் ஏறி டிரைவரின் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்துப்போட்டான். டிராக்டர் வரப்பில் முட்டி நின்றது. டிரைவர் எழுந்திருக்கும்போதே மோகன் முட்டியால் அவன் முகத்தில் இடித்தான். மூக்கு உடைந்தது. ஒருவன் பாஞ்சாலையைத் தள்ளினான். அவள் விழுந்த இடத்திலேயே கல்லை எடுத்து அவன் முழங்காலில் போட்டாள். நான் அருண்ராஜின் கழுத்தைப் பிடித்துவிட்டேன். இரண்டு கையாலும் இறுக்கினேன். அவர் நாக்கு வெளியே வந்தது. விட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"உடுங்க மாமா. செத்துருவாரு, உடுங்க" என்று ஆனந்தன் என் விரல்களைப் பிரிக்க வந்தார். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து ஒருவன் டிராக்டர் கம்பியை வீசினான். எனக்கு வந்த அடி. ஆனந்தன் முகத்தைத் திருப்பினார். கம்பி இடது கண்ணில் இறங்கியது. பழம் பிளந்த மாதிரி ஒரு சத்தம். அவர் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். விரலுக்கிடையில் ரத்தமும் வேறு ஏதோவும் வழிந்தது.

கமிட்டி ஜீப் வந்து நின்றது அப்போதுதான். ரேணுகாதேவி அம்மா இறங்கியதும், "ஆம்புலன்சுக்குப் போடுங்க" என்று கத்தினார்.

"வர்ற வரிக்கும் பாத்துடலாம்மா" என்றார் ஆனந்தன்.

ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் நசுங்காத கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். அடியில் பாதம். அடுத்ததைத் தூக்கினார். பெரிய பாதமும் பக்கத்தில் குட்டிப் பாதமும். கமிட்டிக்காரர்கள் அவர் பின்னால் நடந்தார்கள். அவருடைய ரத்தம் தடத்துக்குள் சொட்டியது. அவர் குனிந்து அதைத் தடத்திலிருந்து விலக்கிச் சொட்டவிட்டார். எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் கடைசிக் கூடை. அதைத் தூக்கிவிட்டு, சன்னலில் நின்ற புவனாவைக் காட்டி, "அது என் சம்சாரம்" என்றார். அங்கேயே விழுந்தார்.

கண் போய்விட்டது. போலீஸ் அருண்ராஜையும் அவர் ஆட்களையும் கொண்டுபோனது. மோகனையும் கொண்டுபோனது, என்னையும்தான். ஸ்டேஷனில் மோகனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினான். அப்புறம் எங்களை ஜாமீனில் விட்டார்கள். ஊற்றுப் பக்கச் சுவரை எடுக்க வேண்டும் என்று கமிட்டி உத்தரவு போட்டது. நிலத்துக்காரர் கோர்ட்டில் தடை கேட்டார், கிடைக்கவில்லை. போன வாரம்தான் மிஷின் வந்து அந்தப் பக்கச் சுவரை இடித்தது. ஊரே போய்ப் பார்த்தது. செங்கல் விழ விழ மோகன் மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து அழுதான்.

புவனாவுக்கு வலி எடுத்தபோது, பயமில்லாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்று வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். பாஞ்சாலை வீட்டில் தூளி கட்டிவிட்டு, ஆரத்தி கரைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். மலைக்குப் போக ஜீப்பையும் பேசி வெளியே நிறுத்தியிருந்தேன். பேத்தியைத் துணியில் சுற்றி, காதை மூடி, நானே எடுத்துக்கொண்டேன். ஆனந்தன் விடியும்போதே ஊற்றுப் பக்கம் போய்விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். செருப்பில் ஈர மண் ஒட்டியிருந்தது. ஒற்றைக் கண்ணால் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குழந்தை கொட்டாவி விட்டது. "பாருங்க மாப்ள, பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தால் வாய் இன்னும் ஒரு பக்கம் இழுக்கிறது.

"கெளம்பலாமா?" என்றேன்.

அவர் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் புவனா பக்கத்தில் கட்டிலில் படுக்கவைத்தார்.

"இன்னிக்கும் நம்ம வூட்டுத் தொட்டிக்குத்தான் வந்துட்டுப் போய்கீது மாமா. சுவத்த இடிச்சாச்சுன்னு அதுக்கு யாரு போய் சொல்றது? அதுவா தெரிஞ்சிக்கிற வரிக்கும் புள்ள இங்கியே இருக்கட்டும்."